மெயினை மூன்று முறை அணைப்பவர்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மோட்டாரின் தகட்டைத் தேய்த்துக்கொண்டே, "எந்த ஊருடா உனக்கு?" என்று கேட்கிறார் உஸ்தா ஃபிக்ரி. கேள்வி மோட்டாரிடம்தான். இருபது வருஷத்து மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் கரைந்து வழிய, அடியில் எழுத்துகள் தெரியத் தொடங்குகின்றன. சட்டைப் பையில் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. தூரத்துக்கு உள்ளதை எடுத்து மாட்டுகிறார், வைது கழற்றுகிறார், கிட்டத்துக்கு உள்ளதை மாட்டிக்கொண்டு குனிகிறார். "இத்தாலிக்காரன். மூணு கிலோவாட். பசி ஜாஸ்தி." தகட்டில் உள்ள ஆம்பியர் கணக்கை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். காகிதத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "காகிதத்தை வீட்டுல வச்சுட்டு வந்துரலாம். கையை வச்சுட்டு வர முடியுமா?"

எங்கள் சந்தில் பதினான்கு பட்டறைகள். எல்லாம் குடியிருப்புக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில். மேலே குடும்பம், கீழே நாற்காலி. வீட்டுக்கு வரும் மின்சாரம்தான் பட்டறைக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பு கேட்டு மனுக் கொடுத்தவர்களுக்கு மகளுக்குக் கல்யாணமாகிப் பேத்தி பிறந்த பிறகும் பதில் வரவில்லை. ஆனால் எங்கள் தும்யாத் துறைமுகத்தில் வந்து இறங்கும் பழைய இயந்திரங்கள் அத்தனையும் மூன்று ஃபேஸ் கேட்பவை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் ஃபிக்ரியின் பிழைப்பு ஓடுகிறது. இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த அளவுக்கு ஒரு பெட்டி. வீட்டு மின்சாரத்தை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் மூன்றாக்கிக் கொடுக்கும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். விற்கிற கடைக்காரர் அதை டிரைவ் என்பார். ஃபிக்ரிக்கு அது வெறும் பெட்டி. "பெட்டி சொன்னதைக் கேக்கும். அதுகிட்ட இருக்கிற கோளாறே அதுதான்" என்று வேலைக்கு வந்த இடத்திலெல்லாம் சொல்வார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊர் எல்லையில் இருந்த நூற்பாலையில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியன். ஆலைக்கு முதல் பெட்டி வந்தபோது, வெடித்துவிடும் என்று பயந்து யாரும் தொடவில்லை. மூன்று பெண் குழந்தைகளைப் பெற்றவன், பயம் போயிருக்கும் என்று இவரிடம் தள்ளிவிட்டார்கள். கூட வந்த புத்தகம் சீன மொழியில் இருந்தது. எண்களை மட்டும் படித்து, ஒவ்வொன்றாய் மாற்றி மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆலையை மூடிய பிறகு கற்றது மட்டும் கையில் மிஞ்சியது, கைதேர்ந்த தொழில்காரரைச் சொல்லும் 'உஸ்தா' என்ற பட்டமும்.

நாற்காலி செய்கிற ஊரில், பட்டறைக்குள் அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். வர்ணம் இருந்த தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வார். விற்கப்போகிற பொருளில் தன் பின்பக்கம் படக்கூடாது என்பது காரணம். ரொட்டியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் இன்சுலேஷன் டேப் கிடக்கும் அதே பையில்தான் கொண்டுவருவார். மொட்டைமாடியில் அவர் மனைவி சமீஹா வளர்க்கும் வாத்துகளுக்கு, ஆலையிலிருந்து கொண்டுவந்த மின்விசிறி ஒன்றை மாட்டியிருக்கிறார். அதற்கும் ஒரு பழைய பெட்டி, மெல்லச் சுற்றும்படி பதினேழு ஹெர்ட்ஸில். "ஐம்பதுல ஓட்டினா வாத்துக்குச் சளி பிடிச்சுக்கும்" என்று அவர் சொன்னபோது சமீஹா, "எனக்கு ஆஸ்துமான்னு சொன்னா ஜன்னலைத் திறன்னு சொல்ற மனுஷன்" என்றார்.

போன நவம்பரில் எங்கள் பட்டறைக்கும் ஒரு மோல்டிங் மெஷின் வந்தது. மேசையின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் தண்டில் கத்திகள் சுழலும். அதில் தள்ளிக் கொடுத்தால் நாற்காலிச் சட்டத்தின் விளிம்பு வளைவு வளைவாகக் குடைந்து வரும். என் கணவர் ரிஃபாத் அதைப் புது மருமகள் போலச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் வாசல் பக்கம் சோஃபா உறைகளுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நுரை ரப்பருக்குப் பசை தடவும் ஷௌகி என் பக்கத்தில் இருந்தார். ஃபிக்ரி காலை ஒன்பதுக்கு வந்தார். ஷௌகி இருக்கும் மூலைக்கு முதுகு காட்டி டப்பாவைப் போட்டுக்கொண்டார்.

மோட்டாரின் மூடியைத் திறந்தார். உள்ளே மூன்று பித்தளைப் பட்டைகள் ஒரே வரிசையில் கிடந்தன. ஸ்டார் இணைப்பு. அவற்றைக் கழற்றி ஒவ்வொன்றையும் நெடுக்காக நிறுத்தி முடுக்கினார். வீட்டு மின்சாரத்துக்கு ஏற்ற டெல்டா இணைப்பு. "அப்படியே விட்டா மோட்டார் ஓடும். மரத்தை வச்சதும் மூச்சு வாங்கும். அப்புறம் எல்லாரும் பெட்டியைத் திட்டுவீங்க." பிறகு பெட்டியைச் சுவரில், மரத்தூள் படாத உயரத்தில், இரும்பு அலமாரிக்குள் பொருத்தினார். மேலே வீட்டு மின்சாரத்தின் இரண்டு கம்பி. கீழே மோட்டாருக்குப் போகும் மூன்று. "இதைத் தலைகீழா கொடுத்தவன் ஒருத்தன் இருக்கான், நாலாம் பட்டறையில. பெட்டி ஒரே ஒரு தரம் இருமுச்சு. அவ்வளவுதான்."

ரிஃபாத் பழைய சுவிட்ச் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்தார். "உஸ்தா, இதை நடுவுல போட்டுருவோமே. எங்க அப்பா காலத்துது. அடிச்சாலும் உடையாது."

"பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல யாரும் வரக்கூடாது ரிஃபாத். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல மாமியார் வந்த மாதிரி ஆயிரும். ஓடும்போது நடுவுல அறுத்தா பெட்டி வெடிக்கும்."

"மெதுவா பேசுங்க. எங்கம்மா மேலதான் இருக்காங்க."

"அப்புறம் இந்த இடத்துல தரையில ஓட்டை போடணும். எர்த்துக்குக் கம்பி இறக்கணும்."

"இந்த ஓடு போன வருஷம்தான் போட்டேன்! சந்துல யார்கிட்ட எர்த் இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல. அதான் மெஷினைத் தொட்டா எல்லாருக்கும் உடம்பு சிலிர்க்குது. பக்தியில சிலிர்க்கல."

ஓடு உடைந்தது. ரிஃபாத் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

மதியம் ஷௌகியின் மனைவி நக்லா சோறும் வறுத்த மீனும் கொண்டுவந்தாள். வாசலில் நுழையும்போதே, என் மகள் பெயரைச் சேர்த்து என்னைக் கூப்பிட்டுச் சத்தம். "உம்மு ஹனீன், இந்த மனுஷன் காலையில இருந்து மூணு தரம் போன் பண்ணிட்டார். கதவைப் பூட்டினேனா, கதவைப் பூட்டினேனான்னு. பூட்டிட்டுச் சாவியை எங்கையில கொடுத்ததே அவர்தான்!" பிறகு கணவரிடம், "இந்தா, மீன். தின்னுட்டு, தின்னேனான்னு கேட்டு போன் பண்ணாதே."

ஷௌகி சிரித்தார். இடது கையால் பாத்திரத்தை வாங்கினார். வலது கையில் அவருக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான்.

அவர் இருபத்திரண்டு வருஷம் ஹாஜி தஸூகியின் பட்டறையில் மோல்டிங் மெஷின் ஓட்டியவர். அந்த நவம்பருக்கு முந்தைய வருஷத்துக் கோடையில் ஊரெங்கும் தினமும் ஒரு மணி நேரம் மின்வெட்டு. கரண்ட் இல்லாத நேரம்தான் எங்கள் சந்தில் கத்தி மாற்றும் நேரம். இயந்திரம்தான் தானாக நின்றுவிட்டதே, ஓடுகிற நேரத்தை எதற்கு வீணாக்க வேண்டும்? சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுக் கை வைப்பது யார் வழக்கத்திலும் இல்லை. கரண்ட் போய்த் திரும்பினால் எந்த இயந்திரமும் தானாக எழாது. யாராவது பச்சைப் பட்டனை அழுத்தவேண்டும். மற்றவர்கள் எதிர்க் காப்பிக்கடைக்குப் போய்விட, ஷௌகி தனியாக உட்கார்ந்து கத்திகளில் ஒட்டிய பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அன்று கரண்ட் இருபது நிமிஷம் முன்னதாக வந்தது.

"நான் அழுத்தலை" என்றுதான் மருத்துவமனையில் சொன்னார். இரண்டு வாரம் அதையே சொன்னார். ஆனால் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் அந்த இயந்திரத்தின் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். மெயினை அணைத்துப் போட்டார்கள். இயந்திரம் எழவில்லை. பெட்டி சரியாக இருந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை. அப்படியானால் பச்சையை அழுத்தியவர் யார்? சந்து தானே முடிவுக்கு வந்தது. கரண்ட் வந்ததும் பழக்க தோஷத்தில் அழுத்தியிருக்கிறான், அழுத்தியதை மறந்து கையை விட்டிருக்கிறான். ஷௌகியின் அப்பா கடைசி ஐந்து வருஷம் பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாமல் இருந்து போனவர். அதையும் சேர்த்துப் பேசினார்கள். மூன்றாவது வாரம் ஷௌகி, "அழுத்தியிருப்பேன். எனக்குத்தான் நினைவில்லை" என்றார்.

விரல் போனதைவிட அந்த வார்த்தைதான் அவரைத் தின்றது. அடுப்பை அணைத்தேனா, குழாயை மூடினேனா, தொழுகையில் குனிந்து நிமிர்ந்தது எத்தனாவது ரக்அத். கேட்டுக்கொண்டே இருப்பார். அப்பாவின் வியாதி தனக்கும் வந்துவிட்டது என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

அன்று நக்லா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "மக வந்திருந்தா. குழந்தையைக் கொஞ்சம் ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போறேன்னு இவர் கேட்டார். கொடுக்கமாட்டேன்னுட்டா. 'அப்பா குழந்தையைப் பெஞ்சுல வச்சுட்டு, வெறுங்கையோட வந்து காப்பி கேப்பார்'ங்கிறா. எல்லாரும் சிரிச்சோம்" என்றாள்.

"சிரிப்புதான்" என்றார் ஷௌகி. "அவ சொன்னதும் சரிதானே."

ஃபிக்ரி அப்போது அலமாரிக் கதவில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அது முழுக்க இறங்கி நின்ற பிறகும் திருப்புளியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மாலை நாலு மணிக்குப் பெட்டிக்கு உயிர் கொடுத்தார். முதலில் ஐந்து ஹெர்ட்ஸில் தண்டை மெல்லச் சுற்றவிட்டார். எதிர்ப்பக்கம் சுற்றியது. மெயினை அணைத்துவிட்டுப் பெட்டிக்குள் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு அவியும்வரை கைகட்டி நின்றார். "இன்னும் உயிர் இருக்கு. அவசரப்படாதே." அது அவிந்தபின் மோட்டார்க் கம்பிகளில் இரண்டை இடம் மாற்றினார். பிறகு உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எண்களைப் பதித்தார். மோட்டாரின் ஆம்பியர். உச்ச வேகம். எட்டு வினாடியில் வேகம் பிடிக்கவேண்டும், பன்னிரண்டு வினாடியில் நிற்கவேண்டும். ஏன் உடனே நிறுத்தக்கூடாது என்றார் ரிஃபாத். "சுத்துற மோட்டாரை இழுத்துப் பிடிச்சா, அது மின்சாரத்தைத் திருப்பிப் பெட்டிக்குள்ளயே துப்பும். பெட்டி கோவிச்சுக்கிட்டுப் படுத்துரும். உன் மாமனார் மாதிரி."

கடைசியாகச் சோதனை. அவருடைய விசித்திரங்களில் சந்து அதிகமாகக் கேலி பேசுவது இதைத்தான். இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது மெயினை அணைப்பார். எல்லோரையும் மேசையிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்வார். நூறுவரை எண்ணுவார். மெயினைப் போடுவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கத்திகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். தண்டு அசையாமல் இருந்தால் மறுபடி பச்சையை அழுத்தி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி அணைப்பார். மூன்று முறை. ஒரு வருஷத்துக்கு மேலாக, ஒரு பட்டறை பாக்கியில்லாமல்.

"நிக்காஹ்ல பொண்ணுகிட்ட மூணு தரம் சம்மதம் கேக்கிற மாதிரி கேக்கறீங்க உஸ்தா" என்றார் ரிஃபாத். "முதல் தரமே அது ஆமான்னுருச்சு."

"ஆமான்னு சொல்லக்கூடாது. சும்மா இருக்கணும்" என்றார் ஃபிக்ரி. அவர் சிரிக்கவில்லை.

மூன்று முறையும் இயந்திரம் சும்மா இருந்தது. அவர் கருவிகளைப் பையில் போடத் தொடங்கினார். ஷௌகி வேலை முடிந்து, பசைப் பானையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லோருக்கும் சலாம் சொல்லிப் புறப்பட்டார். காப்பிக்கடை தாண்டியிருக்கமாட்டார், திரும்பி வந்தார். "பசைப் பானையை அணைச்சேனா?" அணைச்சுட்டீங்க என்றேன். போனார். இந்த முறை வாசலிலேயே நின்று திரும்பினார். பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை வந்தபோது உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பானை இருக்கும் மூலையை எட்டிப் பார்த்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார்.

"நீ மறக்கல ஷௌகி" என்றார் ஃபிக்ரி.

"தெரியும் உஸ்தா. கண்ணால பாக்கிறேன். இருந்தாலும் மனசு கேக்கமாட்டேங்குது."

"பானையைச் சொல்லல. அன்னிக்கு. ஹாஜி பட்டறையில. பச்சைப் பட்டனை நீ அழுத்தல."

ஷௌகி உள்ளே வந்தார். ரிஃபாத் கையிலிருந்த மரச்சட்டத்தைக் கீழே வைத்தார்.

ஃபிக்ரி தகர டப்பாவில் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் எதையும் விட்டுவிடவில்லை. "ஹாஜி பட்டறையில முதல்ல தூசி உறிஞ்சுற விசிறிக்குத்தான் பெட்டி வச்சேன். கரண்ட் போயிட்டு வந்தா அதுவே ஓடிக்கணும், ஒவ்வொரு தரமும் ஆள் போயி அழுத்த முடியாதுன்னு ஹாஜி சொன்னார். விசிறிதானே. அதுக்கு ஒரு எண் இருக்கு. அதுல ஒண்ணுன்னு போட்டா, கரண்ட் வந்ததும் தானே ஓடும். போட்டேன். மறுநாள் உன் மெஷின், நீ அடிபடறதுக்கு முந்தின நாள் சாயங்காலம். எண்பது தொண்ணூறு எண்ணு அடிக்கணும். சோம்பல். விசிறிப் பெட்டியில இருந்த எல்லாத்தையும் மொத்தமா நகல் எடுத்து உன் பெட்டியில ஏத்திட்டேன். மோட்டார் கணக்கை மட்டும் மாத்தினேன். அந்த ஒண்ணை மாத்தல. அது ஒண்ணாவே இருந்துச்சு."

ஃபிக்ரி தொடர்ந்தார்.

"உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம் ஹாஜி என்னைக் கூப்பிட்டார். திறந்து பார்த்தேன். பூஜ்யமாக்கினேன். அப்புறம்தான் அவங்க வந்து சோதிச்சாங்க. பெட்டி சரியா இருக்குன்னு நானும் கையெழுத்துப் போட்டேன்."

"ஹாஜிக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு மட்டும்தான்."

ஷௌகி என் துணி மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். வெட்டிவைத்த துணி கசங்கியது. "ரெண்டு வாரம் நான் சொன்னேன். அழுத்தலைன்னு சொன்னேன். நீ ஆஸ்பத்திரிக்கு வந்த. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்த. கட்டில் பக்கத்துல உக்காந்து உரிச்சுக் கொடுத்த. அப்பவும் அழுத்தலைன்னு சொன்னேன்."

"சொன்ன."

"நீ என்ன சொன்ன?"

"அதிர்ச்சியில நினைவு தப்புறது சகஜம்னு சொன்னேன்."

"பதினாறு மாசம்" என்றார் ஷௌகி. அவர் குரல் உயரவில்லை. "எம் மூளை அழுகிட்டு வருதுன்னு நெனச்சேன். எங்கப்பா மாதிரி வெளிக்குப் போறது தெரியாமப் போயிருவேன்னு நெனச்சேன். அந்த நாள் வர்றதுக்குள்ள ஆத்துல விழுந்துரலாமான்னுகூட..." அவர் முடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "உம்மு ஹனீன், நக்லாவைக் கூப்பிடுங்க."

நக்லா அங்கி ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். மறுபடி ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். வந்ததும் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள்.

"இவ முன்னால சொல்லு" என்றார் ஷௌகி.

ஃபிக்ரி எழுந்து நின்றார். விசிறியிலிருந்து தொடங்கி மறுபடி சொன்னார். அந்த எண், நகல், பூஜ்யம், கையெழுத்து, ஆரஞ்சுப் பழம். நக்லாவுக்குப் பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் பூஜ்யமாக்கினேன் என்ற இடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாய் ஊருக்குத் தெரியும். சபிப்பாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏன் இன்னிக்குச் சொன்ன?"

"பசைப் பானையைப் பாக்க மூணாவது தரம் திரும்பி வந்தான்."

"எங்க வீட்டுல தினம் முப்பது தரம் திரும்பி வர்றார்" என்றாள் நக்லா. "நானும் சிரிச்சேன். எம் மகளையும் சிரிக்க வச்சேன். நீ என்னையும் இதுல சேத்துவிட்டுட்டே." அவள் கணவரின் தோளைத் தொட்டாள். "வாய்யா. வீட்டுக்குப் போவோம்." வாசலில் நின்று திரும்பி, "எங்ககிட்ட சொன்னது பத்தாது. யார் யாரெல்லாம் சிரிச்சாங்களோ அத்தனை பேர்கிட்டயும் போய்ச் சொல்லு" என்றாள்.

சொன்னார். அதற்கு இரண்டு நாள் ஆனது. பதினான்கு பட்டறைகளுக்கும் நடந்தார். தொழிலாளர் அலுவலகத்துக்கும் போய் எழுதிக் கொடுத்தார். பழைய கோப்பைத் தேடவேண்டும் என்று அங்கே அவரை அடுத்த மாதம் வரச் சொன்னார்களாம். ஹாஜி தஸூகி, "ஆறிப் போனதை எதுக்குய்யா கிளறுற? என் பட்டறைப் பேரு கெடுது" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, ஃபிக்ரி மாட்டிய மூன்று பெட்டிகளையும் கழற்றச் சொன்னார். இன்னும் ஐந்து பட்டறைக்காரர்கள் அப்படியே செய்தார்கள். அவர்களில் ஒருவர், ஃபிக்ரி மாட்டிய எர்த் கம்பியையும் பிடுங்கிவிட்டார். இப்போது அந்தப் பட்டறையில் மறுபடி எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

ரிஃபாத் எங்கள் பெட்டியைக் கழற்றவில்லை. அதற்காக அவருக்கும் எனக்கும் ஒரு நாள் முழுக்கப் பேச்சு நின்றது. நான் கழற்றச் சொன்னேன். "சந்துல மூணு தரம் சோதிக்கிறவன் இவன் ஒருத்தன்தான். புதுசா வர்றவன் ஒரு தரமாவது சோதிப்பானா?" என்றார் அவர். அது நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த இயந்திரத்தின் பக்கம் போகும்போது நான் கையை மடக்கிக்கொள்கிறேன்.

சமீஹாவை மீன் சந்தையில் பார்த்தேன். வேலை குறைந்துவிட்டது, மனுஷன் பாதி நாள் வீட்டில்தான் என்றார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு அப்போது தோன்றியது. என் முகத்தில் அவருக்கு அது தெரிந்துவிட்டது போல. "பதினாறு மாசமா சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு சொல்லாத மனுஷன். முந்தாநாள் உப்பு ஜாஸ்தின்னு தட்டைத் தள்ளிவிட்டார்" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு அதன் செவுளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஷௌகி இப்போதும் எங்களிடம்தான் பசை தடவுகிறார். மகள் குழந்தையை அவரிடம் விடுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் அதை இடது தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவதைப் பார்க்கிறோம். ஆனால் பசைப் பானையைப் பார்க்கத் திரும்பி வருவது நிற்கவில்லை. மூன்று முறை ஒரு முறையாகியிருக்கிறது, அவ்வளவுதான். உடம்பில் ஏறிய பழக்கம் காரணம் பொய்யென்று தெரிந்ததும் இறங்கிவிடுவதில்லை போலும். மன்னித்துவிட்டீர்களா என்று ரிஃபாத் ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டார். ஷௌகி பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் துடைத்துக்கொண்டே, "அவனும் கேக்கல, நானும் கொடுக்கல" என்றார்.

இருவரும் அதே காப்பிக்கடைக்குத்தான் போகிறார்கள். சந்தில் வேறு கடை இல்லை. ஷௌகி வாசலோரம் உட்கார்வார். ஃபிக்ரி நாலு மேசை தள்ளி, சுவர்ப் பக்கம். சலாம் உண்டு, பதில் சலாம் உண்டு, அதற்கு மேல் இல்லை. எங்கள் பட்டறைக் கதவு திறந்திருந்தால் அங்கே நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும்.

போன வாரம் மன்ஸூராவிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். சாப்பாட்டு மேசைகள் வாங்க வந்தவர், நல்ல மனிதர், பேச்சுத் துணை தேடுகிறவர். ஷௌகி உட்கார்ந்திருந்த மேசையிலேயே உட்கார்ந்து இரண்டு தேநீர் சொன்னார். ஒன்றை ஷௌகியின் பக்கம் தள்ளினார். கிளாஸை எடுக்க நீண்ட கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அடடா. கை என்னண்ணே ஆச்சு? மெஷினா?"

ஷௌகி தேநீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கியபடியே, முகவாயை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக் காட்டினார். வியாபாரி ஒன்றும் புரியாமல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஃபிக்ரி வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை மேசையில் இறக்கி வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, வியாபாரியைப் பார்த்தபடி நின்று, சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.